டாட்ஸ் ஆர்மியில் வரும் அந்த ஜெர்மன் கேப்டன் யார்? அவரை வேறு எதில் பார்க்கலாம்?

ராத்திரிப்பறவை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தூக்கம் வராத ராத்திரிகளில் பழைய பிரிட்டிஷ் காமெடி பார்க்கிற ஆள் நான். போன வாரம் டாட்ஸ் ஆர்மி என்கிற இரண்டாம் உலகப் போர் காலக் காமெடித் தொடரில் 1973-இல் வந்த ஒரு எபிசோடு மாட்டியது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் ஒருவனையும் அவன் ஆட்களையும் நம்ம ஊர்க்காவல் படைக் கிழவர்கள் ஒரு ராத்திரி முழுக்கக் காவல் காக்க வேண்டும். அந்தக் கேப்டன் தன்னை அவமானப்படுத்துகிறவர்கள் பெயரையெல்லாம் பட்டியல் போடுகிறான், போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்க. பைக் என்கிற பொடியன் ஹிட்லரைக் கிண்டலடித்துப் பாடுகிறான். "உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயரைச் சொல்" என்கிறான் கேப்டன். உடனே கிழவர் படைத் தலைவர் மேனரிங் முந்திக்கொண்டு "அவனிடம் சொல்லாதே, பைக்!" என்று கத்திவிடுகிறார். நடுராத்திரியில் சத்தமாகச் சிரித்து வீட்டில் திட்டு வாங்கினேன்.

டைட்டிலில் பிலிப் மேடக் என்று போட்டிருந்தார்கள். அந்த ஜெர்மன் உச்சரிப்பைக் கேட்டால் அசல் ஜெர்மன்காரராகத்தான் தோன்றுகிறது. தேடிப் பார்த்தால் ஒரு இடத்தில் நாஜி, ஒரு இடத்தில் பைத்தியக்கார விஞ்ஞானி, ஒரு இடத்தில் டிராட்ஸ்கி! எந்த நாட்டுக்காரர் இவர்? வில்லன் தவிர உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறாரா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள்.

---

நீலப்பெட்டி எழுதியது:

டாக்டர் ஹூ, டாக்டர் ஹூ, டாக்டர் ஹூ. வேறு பேச்சே இல்லை. காலப்பயணம் போகிற டாக்டரைப் பற்றிய அந்த பிபிசி தொடரில் நாலு கதையில் வருகிறார், நாலும் வேறு வேறு ஆள். அது போக, தொடரில் வரும் டாலெக் என்கிற எதிரிகளை வைத்து 1966-இல் வந்த சினிமாவில் கள்ளச்சந்தைக்காரனாக வந்து நம்பினவனைக் காட்டிக்கொடுப்பார்.

"தி வார் கேம்ஸ்" (1969, கருப்பு வெள்ளை, பத்து எபிசோடு) பாருங்கள். பூமியில் நடந்த போர்களிலிருந்து சிப்பாய்களைக் கடத்தி வந்து சண்டை போட வைக்கிற கும்பலின் தலைவன். பாதிக்கு மேல்தான் வருவார். தாடி, கண்ணாடி, மெதுவான குரல். சுற்றி இருக்கிற வில்லன்கள் எல்லாம் தொண்டை கிழியக் கத்துவார்கள், இவர் மட்டும் பேங்க் மேனேஜர் மாதிரி பேசுவார். அதுதான் பயமே.

அப்புறம் 1976-இல் "தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்". ஒரு கொடுங்கோலனின் மூளையைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு அதற்கு உடம்பு தைக்கிற டாக்டர் சோலன். எல்லாம் தயார், தலைதான் சரியாக அமையவில்லை. கதவைத் திறந்தால் டாக்டராக வரும் டாம் பேக்கர் நிற்கிறார். பேக்கரின் தலையை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பலாப்பழம் வாங்க வந்தவர் தட்டிப் பார்க்கிற பார்வை. நாலாவது கதை "பவர் ஆஃப் க்ரோல்". அதை விட்டுவிடலாம், அவருக்கு அதில் வேலையே இல்லை.

---

இரண்டாம்டேக் எழுதியது:

நீலப்பெட்டி தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேட்டவர் கேட்டது "வில்லன் தவிர". அதற்கு நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிற மொழித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான், இந்த மனிதர் விஷயத்தில் எனக்குத் தொழில் ரீதியான பொறாமை உண்டு.

ஜெர்மன்காரர் இல்லை. வேல்ஸ்காரர். தெற்கு வேல்ஸில் மெர்த்திர் டிட்ஃபில் என்று இரும்பை உருக்கி வாழ்ந்து, பிறகு ஓய்ந்து போன ஊர். அங்கே 1934 ஜூலையில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் பிலிப் ஆர்வன் ஜோன்ஸ். வேல்ஸ் தெருவில் நின்று "ஜோன்ஸ்" என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஆகவே பெயர் மாற்றிக்கொண்டதைக் குறை சொல்ல முடியாது. படித்தது கவார்த்வா பள்ளி. இரும்பாலை முதலாளி ஒருவர் 1820-களில் தனக்காகக் கட்டிக்கொண்ட கோட்டை அது, பின்னால் அதற்குள் பள்ளிக்கூடம் வந்தது. பிறகு கார்டிஃப், அதற்குப் பிறகு வியன்னா. வியன்னாவில் மொழிபெயர்ப்பாளர் படிப்பு முடித்துக் கொஞ்ச காலம் துபாஷியாக வேலை பார்த்தார். நடிப்புப் படிக்க லண்டன் ராடாவுக்குப் போனது அதற்கும் பிறகுதான். ஆக நீங்கள் கேட்ட ஜெர்மன் உச்சரிப்பு பாத்திரத்துக்காக ஒட்டவைத்த மீசை இல்லை. அந்த மொழியில் சம்பாதித்துச் சாப்பிட்டவர்.

அதுவே அவருக்கு வினையாகவும் போனது என்பது என் கட்சி. 1960-களின் பிரிட்டிஷ் டிவிக்கு வாரத்துக்கு ஒரு அயல்நாட்டு அயோக்கியன் தேவைப்பட்டான். கருப்பு முடி, கூர்மையான முகம், எந்த நாட்டு வாடையும் வரவழைக்கத் தெரிந்த நாக்கு. விடுவார்களா? அவெஞ்சர்ஸ் என்கிற உளவுத் தொடரில் (மார்வெல் படம் இல்லை) திரும்பத் திரும்ப வேறு வேறு ஆளாக வருவார். 1966-இல் வந்த "தி குவில்லர் மெமொராண்டம்" படத்தில் நவ நாஜிக் கூட்டத்தில் ஒருவர். 1971-இல் பிபிசி எடுத்த "லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்" தொடரில் மாகுவா, அதாவது செவ்விந்தியர்! மெர்த்திர்காரரை மெர்த்திர்காரராக நடிக்கச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் பார்த்த எபிசோடையே எடுத்துக்கொள்வோம். எல்லாரும் பைக் வசனத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். 2012 மார்ச்சில் அவர் இறந்தபோது வந்த செய்திகளிலும் அதுதான் முன்னால் நின்றது. எனக்குப் பிடித்தது அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற மீன் வறுவல் காட்சி. கைதிகளுக்குச் சாப்பாடு வாங்க ஆள் போகிறது. கேப்டன் தனக்கு ப்ளேஸ் மீன் வேண்டும் என்கிறான். கூடவே, உருளைக்கிழங்கு வறுவல் சொதசொதவென்று இருக்கக் கூடாது, மொறுமொறுப்பாக, இளம் பழுப்பாக வேண்டும் என்கிறான். கவனித்தீர்களா, அந்த வரியை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு துளி நகைச்சுவை கிடையாது. டார்பிடோவுக்கு ஆணை கொடுக்கிற அதே குரல், அதே நிறுத்தி நிறுத்திப் பேசுகிற அழகு. எதிரே மேனரிங்காக வரும் ஆர்தர் லோ பெருமூச்சும் கன்னத் துடிப்புமாக நடிக்கிறார், இவர் சுவராக நிற்கிறார். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்தால்தானே ஆட்டம். காமெடியில் சுவராக நிற்கச் சம்மதிக்கிற நடிகர் குறைவு. நடுவில் ஒருமுறை கண்ணடித்துவிடத் தோன்றும். இவருக்குத் தோன்றவே இல்லை.

சரி, வில்லன் தவிர. 1981-இல் பிபிசி வேல்ஸ் "தி லைஃப் அண்ட் டைம்ஸ் ஆஃப் டேவிட் லாயிட் ஜார்ஜ்" என்று ஒன்பது பகுதித் தொடர் எடுத்தது. எழுதியது எலெய்ன் மார்கன். (பரிணாமத்தில் பெண்ணின் பங்கு பற்றிப் புத்தகம் எழுதி ஆண் விஞ்ஞானிகளோடு மல்லுக்கு நின்ற அதே அம்மாதான்.) இயக்கம் ஜான் ஹெவின். லாயிட் ஜார்ஜ் 1916 முதல் 1922 வரை பிரிட்டிஷ் பிரதமர். வேல்ஷ் தாய்மொழியாகக் கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். ஊரில் மனைவி மார்கரெட், லண்டனில் காரியதரிசி பிரான்சிஸ் ஸ்டீவன்சன். மேடையில் ஏறினால் ஆயிரம் பேரைக் கட்டிப்போடுகிற வாய், வீட்டுக்கு வந்தால் பொய். இருபது வருடமாகப் பெரும்பாலும் அடுத்த நாட்டு ஆளாக வந்துபோன நடிகர் 46 வயதில் தன் நாட்டுக்காரனாக மணிக்கணக்கில் திரையில் நிற்கிறார். அந்த மனிதரை நல்லவனாக்கவும் முயலவில்லை, கெட்டவனாக்கவும் முயலவில்லை. பார்க்கப் பார்க்கக் கோபம் வரும், கூடவே பிடித்தும் போகும். முகப்பு இசை எனியோ மோரிகோனே ஏற்கெனவே போட்டு வைத்திருந்த "கி மாய்". தொடர் வந்த பிறகு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இசையை நினைவு வைத்திருக்கிற பலருக்கு நடிகர் பெயர் மறந்துவிட்டது, அது தனி வயிற்றெரிச்சல்.

இப்போது என் பொறாமைக்கு வருகிறேன். 1990-களில் அவர் நோயெல் பெய்ன் என்கிற போலீஸ் அதிகாரியாக நடித்தார். மனைவியை இழந்தவர், ஒரு மகள். இங்கிலீஷில் "எ மைண்ட் டு கில்". வேல்ஷில் "அர் ஹெலியுர்", அதாவது வேட்டைக்காரன். முதலில் 1991-இல் ஒரு படம், பிறகு 1994-இலிருந்து 2002 வரை தொடர். இது டப்பிங் இல்லை. ஒவ்வொரு காட்சியையும் வேல்ஷில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை எடுத்தார்கள். அதே செட், அதே விளக்கு, அதே ஆட்கள். பிணத்தின் மேல் போர்வையை விலக்கி ஒரு மொழியில் அதிர்ச்சி அடைய வேண்டும், போர்வையைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொரு மொழியில் அதிர்ச்சி அடைய வேண்டும். பழைய காலத்தில் ஒரே செட்டில் தமிழும் தெலுங்கும் எடுத்த கதைதான், ஆனால் இங்கே ஆளும் மாறவில்லை.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். வேல்ஷில் வினைச்சொல் வாக்கியத்தின் முதலில் வரும். பெய்ன் ஒரு பிணத்தைப் பார்த்தார் என்பதை "பார்த்தார் பெய்ன் பிணத்தை" என்கிற வரிசையில்தான் சொல்வார்கள். இங்கிலீஷில் வினை நடுவில். நமக்கு அது கடைசியில் வருவதால், வாக்கியம் முடிகிறவரை எதிராளியைக் காக்க வைக்கலாம், "நான் அவனை..." என்று இழுத்து நிறுத்தினாலே சஸ்பென்ஸ். வேல்ஷில் வாயைத் திறந்ததும் குட்டு உடைந்துவிடும், ஆகவே நடிகர் அந்த அமைதியை வாக்கியத்துக்கு முன்னாலேயே வைத்தாக வேண்டும். ஒரே காட்சி, மூச்சு எடுக்கிற இடம் மட்டும் வேறு.

இன்னொன்று. "ஆம்" என்று எல்லாக் கேள்விக்கும் ஒட்டுகிற ஒரே சொல் வேல்ஷில் கிடையாது. "இருக்கா?" என்றால் "இருக்கு". "ஒய்ஸ்?" என்றால் "ஒய்ஸ்", இல்லையென்றால் "நாக் ஒய்ஸ்". கேள்வியின் வினையே பதிலாகத் திரும்பி வரும், நம்ம ஊர் மாதிரியே. போலீஸ் விசாரணைக் காட்சியில் இது சின்ன விஷயமா? இங்கிலீஷில் சந்தேக நபர் "யெஸ், நோ" என்று முணுமுணுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். வேல்ஷில் போலீஸ்காரர் போட்ட வினையையே அவன் வாயாலும் சொல்லியாக வேண்டும்.

பிறகு நீ, நீங்கள். வேல்ஷிலும் "டி", "கி" என்று இரண்டு உண்டு. ("கி" என்பதைக் காறித் துப்புகிற மாதிரி தொண்டையிலிருந்து எடுக்க வேண்டும்.) இங்கிலீஷ்காரனுக்கு அந்தத் தலைவலியே இல்லை. எனக்கு இது சுட்ட கதை ஒன்று உண்டு. ஒரு போலீஸ் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதினேன், எந்தத் தொடர் என்று கேட்காதீர்கள். ஸ்கிரிப்ட் தவணை தவணையாக வரும். அதிகாரி பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுகிறார், மரியாதையாக "நீங்க" போட்டேன். நாலு எபிசோடு ரெக்கார்டிங் முடிந்துவிட்டது. அஞ்சாவதில் அந்தப் பெரியவர்தான் கொலைகாரன். விலங்கு மாட்டுகிற இடத்தில் "நீ" என்று மாற்றினேன். குரல் கொடுக்க வந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சார், எந்த வார்த்தையில மரியாதை போகுது? விலங்கு மாட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" பதில் தெரியாமல் டீ சொல்லி அனுப்பினேன்.

பிலிப் மேடக் அந்தக் கேள்விக்கு ஒரு மொழியில் முடிவு எடுத்துவிட்டு, அடுத்த டேக்கில் அந்த முடிவையே மறந்துவிட்டு நடிக்க வேண்டியிருந்தது. அதுவும் வருடக்கணக்கில். ஆகவே என் சிபாரிசு: முதலில் லாயிட் ஜார்ஜ், அடுத்து பெய்ன். முடிந்தால் பெய்னின் ஒரே எபிசோடை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். வேல்ஷ் புரியாவிட்டால் பரவாயில்லை, கண்ணை மட்டும் பாருங்கள்.

---

கார்டிஃப்மழை எழுதியது:

இரண்டாம்டேக் அண்ணா, படித்துவிட்டு மகனிடம் "ஒய்ஸ்" சொல்லிக் காட்டினேன், "அம்மா, உச்சரிப்பு பரவாயில்லை" என்றான். அவன் இங்கே வேல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறான், நான் அவன் வீட்டுப்பாடத்தில் பொறுக்கின அரைகுறை வேல்ஷோடு காலம் தள்ளுகிறேன்.

இரண்டு தடவை எடுத்ததற்குக் காரணமும் சொல்லியிருக்கலாம். இங்கே எஸ்4சி என்று வேல்ஷ் மொழிக்கென்றே ஒரு சேனல், 1982 நவம்பர் 1-இல் ஆரம்பித்தது. அது சும்மா வரவில்லை. தேர்தலில் கொடுத்த வாக்கிலிருந்து அரசாங்கம் பின்வாங்கியது. 1980-இல் க்வின்வோர் எவன்ஸ் என்கிற தலைவர், சேனல் வராவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அரசாங்கம் இறங்கி வந்தது. சேனல் வந்தாச்சு, ஆனால் வேல்ஷ் பேசுகிறவர்கள் எண்ணிக்கை சில லட்சம்தான். ஒரு துப்பறியும் தொடர் எடுக்கிற செலவை அதை வைத்து மட்டும் ஈடுகட்ட முடியாது. அதே செட்டில் இங்கிலீஷிலும் எடுத்தால் வெளியே விற்கலாம். கலைக்காக ஒரு டேக், கணக்குக்காக ஒரு டேக். எது எதற்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

2013-இல் வந்த "இ குவில்" தொடரும் இப்படித்தான், இங்கிலீஷில் "ஹின்டர்லேண்ட்". அதில் துப்பறிகிற ரிச்சர்ட் ஹாரிங்டனும் மெர்த்திர்காரர். ஒரே ஊர் இரண்டு சோக முகப் போலீஸ்காரர்களைக் கொடுத்திருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், மழை. கவார்த்வா கோட்டையை நனைந்துகொண்டே சுற்றினேன். இப்போது மியூசியமாக இருக்கிறது, முன்னால் பெரிய புல்வெளி. இதற்குள் உட்கார்ந்து கணக்குப் போட்ட பையனுக்கு மேடை பயம் எங்கே வரும் என்று தோன்றியது.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வில்லன் வேஷமெல்லாம் வீணாய்ப் போன காலம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரச் சம்பளத்தில்தான் வீடு நடந்திருக்கும். அவருடைய முதல் மனைவி ரூத் மேடக்கும் நடிகை, "ஹை-டி-ஹை" தொடரில் கிளாடிஸ் பியூவாக வேல்ஷ் வாடையோடு ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்வாரே, அவர்தான். 1961-இல் கல்யாணம், 1981-இல் விவாகரத்து. வேடிக்கை என்னவென்றால் அவரை எல்லாருக்கும் தெரியவைத்த தொடரை எழுதியதும், இவரை எல்லாருக்கும் தெரியவைத்த அந்த ஒரு எபிசோடை எழுதியதும் அதே ஜிம்மி பெர்ரி, டேவிட் கிராஃப்ட் ஜோடி. அவருக்கு வேல்ஷ்காரியாகவே வேஷம் கிடைத்தது, இவருக்கு ஜெர்மன்காரர்.

மாகுவாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு நடிக்கிற அந்த வழக்கத்தை இன்றைக்குப் பார்க்க எனக்கு முடியவில்லை, எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும். அதற்குப் பதில் ரேடியோ. பிபிசி ரேடியோ 4-இல் பிரதர் காட்ஃபைல் கதைகள் சிலவற்றில் அவர்தான் காட்ஃபைல். 12-ஆம் நூற்றாண்டில் ஷ்ரூஸ்பரி மடத்தில் மூலிகை வளர்க்கிற வேல்ஷ் துறவி, எல்லைக்கு அந்தப் பக்கம் மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் போகிறவர். முகம் இல்லை, சாயம் இல்லை, குரல் மட்டும். துபாஷி வேலைக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

---

இரண்டாம்டேக் எழுதியது:

கார்டிஃப்மழை, வீணாய்ப் போன காலம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் என் எழுத்தில் அந்த வாடை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். காட்ஃபைல் எனக்கு விட்டுப்போயிற்று, நன்றி. கணக்குக்காக ஒரு டேக் என்பதை என் தயாரிப்பாளரிடம் சொல்லப் போகிறேன், அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

---

நீலப்பெட்டி எழுதியது:

எல்லாம் சரி, ஆனாலும் சோலன். மறந்துவிடாதீர்கள். தன்னிடம் வேலை பார்க்கிறவனின் கையையே வெட்டி எடுத்துக்கொண்டு கொக்கி மாட்டிவிட்ட முதலாளி. லாயிட் ஜார்ஜ் இதை எல்லாம் செய்வாரா?

---

ராத்திரிப்பறவை எழுதியது:

நன்றி, எல்லாருக்கும். லாயிட் ஜார்ஜ் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் அந்த டாட்ஸ் ஆர்மி எபிசோடை நேற்று திரும்பப் போட்டு, சுவரை மட்டும் பார்த்தேன். இரண்டாம்டேக் சார் சொன்ன வறுவல் காட்சியில் மேனரிங் பக்கம் கண் போகாமல் பிடித்து வைக்கவே பெரும்பாடு. அவர் அந்த "மொறுமொறு"வை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் என்று இப்போதுதான் கேட்டேன். மீனுக்கு ஆர்டர் கொடுத்த மாதிரியே இல்லை, நாளைக்கு விசாரணையில் இதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி இருக்கிறது.

இந்தத் தடவை ஹெட்போன் போட்டுக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் வெளியே போய்விட்டது போலிருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து "யாருங்க அது?" என்று குரல். என் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.